மணி சொல்ல லாயக்கில்லாத குரல்!

ஆபரா என்றதும் ஹாஸ்டலில் எல்லோரும் காதைப் பொத்திக்கொள்கிறார்கள். ஒரு குண்டு அம்மா உச்சஸ்தாயியில் கத்துவார், கண்ணாடி டம்ளர் உடையும், அவ்வளவுதான் என்று நினைப்பு. அப்படிச் சொல்கிறவர்களின் காதில் நான் ஹெட்ஃபோனை மாட்டிவிட்டு, 1949-ல் பதிவான ஒரு இங்கிலீஷ் நாட்டுப்புறப் பாட்டைப் போட்டுவிடுவேன். பியானோ இல்லை, தாளம் இல்லை. வெறும் குரல். கீச்சுக்குரலும் இல்லை பாஸ், அடியாழத்திலிருந்து எழும்பி வருகிற கனமான பெண் குரல்.

அது காத்லீன் ஃபெரியர். பெண் குரல்களில் மேலே சோப்ரானோ, நடுவில் மெஸோ சோப்ரானோ, ஆகக் கீழே கான்ட்ரால்டோ. இவர் அந்தக் கடைசி ரகம்.

1912-ல் இங்கிலாந்தின் லங்காஷயரில் பிறந்தவர். 14 வயதில் படிப்புக்கு முழுக்குப் போட்டுவிட்டு, டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலைக்குப் போனார். பியானோவை மட்டும் விடவில்லை. அப்போது தபால் இலாகா, போன் போட்டால் மணி சொல்லும் சேவைக்காக நல்ல குரல் தேடிக்கொண்டிருந்தது. காத்லீனும் போய்ப் பேசிக் காட்டினார். பதற்றத்தில் தேவையே இல்லாத இடத்தில் ஒரு 'ஹ' வந்து ஒட்டிக்கொண்டது. ரிஜெக்ட்! 1935-ல் கல்யாணம். கல்யாணமான பெண்களுக்கு அங்கே வேலை கிடையாது என்பது அன்றைய ரூல். ஆக, இருந்த வேலையும் போச்சு.

1937-ல் கார்லைல் நகர இசைப்போட்டி. பியானோவுக்குப் பேர் கொடுத்தவரிடம், பாட்டுக்கும் சேர்த்துக் கொடுக்க தைரியம் உண்டா என்று ஒரு ஷில்லிங் பந்தயம் கட்டினார் கணவர். ரெண்டிலும் காத்லீனுக்கே முதல் பரிசு! (அந்தக் கல்யாணம் பின்னால் ரத்தானது. அந்த ஒரு ஷில்லிங்குக்காக நான் அவரை மன்னித்துவிட்டேன்.)

1946-ல் பெஞ்சமின் பிரிட்டனின் ஆபராவில் நாயகி. அதே ஆபராவோடு ஹாலந்து போனதுதான் முதல் வெளிநாட்டு மேடை. அப்புறம் டச்சுக்காரர்கள் திரும்பத் திரும்பக் கூப்பிட்டார்கள். இத்தனைக்கும் இவர் ஆபரா மேடையில் நடித்தது ரெண்டே ரெண்டு வேஷம்தான். ரெண்டாவது, க்ளக் எழுதிய ஆர்ஃபியஸ். செத்துப்போன மனைவியை மீட்க, பாட்டை மட்டுமே நம்பிப் பாதாளத்துக்கு இறங்கும் கணவன். ஆண் வேஷம், ஆனால் கனமான பெண் குரல்தான் அதற்குப் பொருத்தம்.

1951 ஏப்ரலில் மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன். ஜூனில் மறுபடி லண்டன் மேடை. ஜூலையில் ஆம்ஸ்டர்டாமில் மாஹ்லர். மனுஷி அழுது வடியவில்லை. கடிதங்களில் தனக்குத் தானே 'க்ளெவர் காஃப்' என்று பட்டப்பேர் போட்டுக்கொண்டு ஜோக் அடித்தவர்.

1953 பிப்ரவரி. லண்டன் கோவென்ட் கார்டனில் மறுபடி ஆர்ஃபியஸ், மொத்தம் நாலு காட்சி. பிப்ரவரி 6-ம் தேதி ரெண்டாவது காட்சி, ரெண்டாவது அங்கம். ரேடியேஷன் சிகிச்சையில் நொய்ந்துபோயிருந்த இடது தொடை எலும்பு, பாடிக்கொண்டிருக்கும்போதே உடைந்தது. திரை இறங்கவில்லை. கூட நடித்தவர்கள் சுதாரித்துக்கொண்டு தாங்கிப் பிடிக்க, நகர முடியாமல் நின்றபடியே மிச்சப் பாட்டையெல்லாம் பாடினார்.

இதில் ஒரு விஷயம் கவனிங்க. மீட்டு வந்த மனைவியை மறுபடியும் இழந்து, இனி எப்படி வாழ்வேன் என்று ஆர்ஃபியஸ் புலம்பும் அந்தப் புகழ்பெற்ற பாட்டு வருவது மூன்றாவது அங்கத்தில். அதாவது, எலும்பு உடைந்த பிறகு. அதையும் பாடி முடித்து, கைதட்டலையும் வாங்கிக்கொண்டுதான் ஆஸ்பத்திரிக்குப் போனார். எனக்கு ஒரு பல்வலி வந்தாலே போனை எடுத்து 'ஹலோ' சொல்ல முடிவதில்லை.

ஜனங்களுக்கு விஷயமே தெரியாது. மூட்டுவலியால் வந்த சுளுக்கு என்று பேப்பரில் போட்டார்கள். பாக்கி ரெண்டு காட்சிகளும் ஏப்ரலுக்குத் தள்ளிவைக்கப்பட்டு, கடைசியில் கேன்சலாயின. அக்டோபர் 8-ம் தேதி காத்லீன் இறந்தபோது வயது 41. ஆர்ஃபியஸாக அவர் 1951-ல் ஆம்ஸ்டர்டாமில் பாடிய மேடைப்பதிவு கிடைக்கிறது. கொஞ்சம் கரகரப்பு இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.