உலக முடிவுக்குப் போய் வருவோம்

தலைப்பைப் பார்த்துவிட்டு, "மௌலவி கியாமத்து நாளைப் பற்றி எழுதப் போகிறார்" என்று நினைத்துவிடாதீர்கள். இது நமது மலைநாட்டில், ஹோர்ட்டன் சமவெளித் தேசிய பூங்காவில் இருக்கும் ஓரிடத்தின் பெயர். உங்கள் வீட்டு ஆண்கள் நண்பர்களோடு வேன் பிடித்துப் போய்வந்து படங்களைக் காட்டியிருப்பார்கள். நீங்கள் போயிருக்கிறீர்களா என்பதுதான் என் கேள்வி.

"அது நடக்கிற இடம், உங்களுக்குச் சரிவராது" என்று சொல்லியே நம் பெண்களை நுவரெலியாப் பூங்காவோடு நிறுத்திவிடுகிறோம். நாங்கள் குடும்பமாகப் போனபோதும் என் மாமியை வேனிலேயே இருத்திவிட்டுப் போகலாம் என்றுதான் பேச்சு நடந்தது. அறுபதைத் தாண்டியவர். அவரோ, "சமவெளி என்றுதானே மகன் சொன்னீங்க, மலையேறச் சொல்லல்லயே" என்று சப்பாத்தை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். பிள்ளைகளுக்கு முன்னால் நடந்தவரும் அவர்தான்.

அவர் சொன்னதில் நியாயமிருந்தது. கடல் மட்டத்திலிருந்து 2100 மீற்றருக்கும் மேலே, 3160 ஹெக்டேயர் பரப்பில், புல்வெளியும் குட்டை மரக்காடுமாக விரிந்து கிடக்கும் மேட்டுநிலம் இது. இலங்கையின் இரண்டாவது, மூன்றாவது உயரமான சிகரங்களான கிரிகல்பொத்தயும் தொடுபொல கந்தையும் இதன் ஓரங்களிலேயே நிற்கின்றன. சிங்களத்தில் மஹ எலிய என்பார்கள். 1831 முதல் 1837 வரை தேசாதிபதியாக இருந்த வில்மட் ஹோர்ட்டனின் பெயரை வெள்ளைக்காரர் வைத்தனர். சுற்றிவரும் பாதை ஏறத்தாழ 9 கிலோமீற்றர். ஏற்ற இறக்கங்களும் கல்லும் வேரும் உண்டு. ஆனால் நிதானமாக நடப்பவருக்கு மூன்று மணித்தியால வேலைதான். முழங்கால் வருத்தக்காரர் மட்டும் யோசிக்க வேண்டும். நீண்ட அபாயாவைச் சற்றுத் தூக்கிக் கட்டிக்கொள்ளுங்கள். செருப்பு வேண்டாம், சப்பாத்தே நல்லது.

நேரம் முக்கியம். காலை ஒன்பது, பத்து மணிக்கெல்லாம் கீழிருந்து முகில் ஏறிவந்து பள்ளத்தை மூடிவிடும். பிறகு போனால் வெள்ளைச் சுவரைத்தான் பார்த்துவர வேண்டும். நுவரெலியாவில் தங்குபவர்கள் சுபஹு தொழுத கையோடு புறப்பட்டுவிட்டால் தூரம் 32 கிலோமீற்றர்தான். (அந்தக் குளிர்த்தண்ணீரில் வுழூச் செய்யும்போது அதன் நன்மை எவ்வளவு பெரியது என்பது விளங்கும்!)

முதலில் வருவது சின்ன உலக முடிவு. அதைப் பார்த்தே சிலர் திருப்தியோடு திரும்பிவிடுவதுண்டு. அப்படிச் செய்யாதீர்கள். இன்னும் நடந்தால், இதுவரை காலடியில் இருந்த நிலம் திடீரென்று இல்லாமற் போகிறது. சுமார் 870 மீற்றர், அதாவது 2850 அடி, நேரே கீழே. அடியில் தேயிலைத் தோட்டமும் அதன் வீடுகளும் ஒரு பிள்ளை பரப்பிவைத்த விளையாட்டுச் சாமான்களைப் போலத் தெரிகின்றன. அதற்கப்பால் பள்ளத்தாக்குகளும் குளங்களும். வானம் தெளிந்திருந்தால் தெற்கே வெகுதூரத்தில் கடலும் தென்படும் என்பார்கள். எங்களுக்குக் கடல் கிட்டவில்லை. மாமி மட்டும் தெரிகிறதென்று சாதித்தார்.

விளிம்பு முழுவதும் வேலி போடப்பட்ட இடமல்ல இது. 2015இல் ஒல்லாந்திலிருந்து தேனிலவுக்கு வந்த ஒருவர், மனைவியைப் படமெடுக்கப் பின்னால் நகர்ந்து விழுந்துவிட்டார். சுமார் 130 அடி கீழே ஒரு மரம் அவரைத் தாங்கியதால் உயிர்பிழைத்தார், இராணுவத்தினர் மீட்டார்கள். எல்லோருக்கும் அப்படி ஒரு மரம் வாய்க்கவில்லை. ஆகவே படமெடுக்கும் வேலையை ஒருவருக்கும், பிள்ளைகளின் கையைப் பிடிக்கும் வேலையை இன்னொருவருக்கும் முன்கூட்டியே பிரித்துக் கொடுத்துவிடுங்கள். இரண்டையும் ஒரே ஆளிடம் விடாதீர்கள்.

திரும்பும் வழியில் பேக்கர் நீர்வீழ்ச்சி. நுவரெலியாவில் குடியேறி வாழ்ந்த வேட்டைக்காரர் சாமுவேல் பேக்கரின் பெயர். அவரைப் போன்றவர்களின் துப்பாக்கிக்குப் பின் இந்த மேட்டில் யானையென்ற இனமே இல்லாமற் போயிற்று. இப்போது மரைகள் மட்டும் வாகனத் தரிப்பிடம் வரை வந்து நிற்கின்றன. சுற்றுலாக்காரர் பிஸ்கட் கொடுத்துப் பழக்கியதன் விளைவு. பிள்ளைகள் கேட்டாலும் கொடுக்காதீர்கள், அது தடை. இலேசில் கண்ணிற்படாத ஒரு வகைத் தேவாங்கும் இங்குண்டு. அழிந்துவிட்டதென்றே கருதப்பட்ட அதன் புகைப்படம் உலகத்தின் பார்வைக்கு வந்தது 2010இல்தான்.

பள்ளத்தைவிட நான் அதிகம் நேரம் நின்று பார்த்தது பாதையோர மரங்களைத்தான். ஓங்கி வளராமல், குடைபோல் தலை கவிந்து, உடலெல்லாம் பாசி போர்த்தி நிற்கின்றன. மழை பெய்யாத நாளிலும் அவற்றிலிருந்து நீர் சொட்டுகிறது. கடந்துபோகும் முகிலை இலையாலும் பாசியாலும் பிடித்து மண்ணுக்குக் கொடுக்கின்றன. அந்த மண்ணிலிருந்துதான் மகாவலிக்கும் களனிக்கும் வளவைக்கும் ஊற்றுகள் புறப்படுகின்றன. கொழும்புச் சகோதரியே, உங்கள் குழாயில் வரும் களனித் தண்ணீருக்கும், மூதூர்ச் சகோதரியே, உங்கள் ஊருக்கருகே கடலில் சேரும் மகாவலிக்கும் தாய்வீடு இந்தப் பாசி மரங்கள்தாம். 5000 அடிக்கு மேலுள்ள காடுகளை வெட்டக்கூடாதென்று தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர் சொன்ன ஆலோசனையின்படி 1873இல் கட்டளை பிறந்திராவிட்டால், இங்கேயும் தேயிலைதான் நின்றிருக்கும். 1969இல் சரணாலயமாகி, 1988இல் தேசிய பூங்காவாகி, 2010இல் மத்திய மலைநாட்டின் ஏனைய காடுகளோடு உலக மரபுரிமைப் பட்டியலிலும் சேர்ந்தது. ஆயினும் காட்டின் சில பகுதிகளில் மரங்கள் நின்ற நிலையிலேயே காய்ந்து வருவதைப் பாதையிலிருந்தே காணலாம்.

சாப்பாடு கட்டும் பொறுப்பு பெரும்பாலும் உங்களுடையது என்பதால் ஒன்று சொல்கிறேன். வாயிலில் பைகளைத் திறந்து பார்த்துப் பொலித்தீனை எடுத்துவிடுவார்கள். லஞ்ச் ஷீட்டில் சுற்றிய பார்சலை அங்கே நின்று பிரித்துக்கொண்டிருக்க வேண்டியதாகும். சோற்றை வாழையிலையிலும், இடியப்பத்தைச் சாப்பாட்டுப் பெட்டியிலும் வையுங்கள். தண்ணீருக்கு வீட்டுப் போத்தல். பிள்ளைகளுக்குத் தடித்த கம்பளிச்சட்டையும் தொப்பியும் கட்டாயம்; சனவரி, பெப்ரவரி விடியற்காலைகளில் புல்லில் உறைபனியைக் காணலாம்.

ரயிலில் வருபவர்கள் ஒஹியவில் இறங்கலாம், அல்லது 1891 மீற்றர் உயரத்தில் நாட்டிலேயே மிக உயரமான நிலையமான பட்டிப்பொலவில் இறங்கி அங்கிருந்து வேன் பேசலாம். கூலியை ஏறுமுன்பே பேசி முடித்துவிடுங்கள், சாரதி உங்களுக்காகக் காத்திருப்பதையும் சேர்த்து.