கொழுந்துக் கூடையும் குருதி அழுத்தமும்

இரத்த அழுத்தம் உத்தியோகத்தரின் நோய் என்றொரு கருத்து மக்களிடையே பரவலாகக் காணப்படுகின்றது. கதிரையில் அமர்ந்து கோப்புகளோடு மல்லாடி, மேலதிகாரியின் முகக்குறிப்பறிந்து நடப்போருக்கே ‘பிரசர்’ வரும். மலையேறி இறங்கி உடல் வருந்த உழைப்போரை அது அணுகாது என்பதே அக்கருத்தின் சாரம். இக்கருத்து எத்துணைப் பொருந்தும் என்பதைப் புசல்லாவை போன்றதொரு தோட்டப்புறத்தில் வைத்து ஆராய்தல் தகும்.

கம்பளையிலிருந்து நுவரெலியாவுக்குச் செல்லும் பாதையில் அமைந்துள்ள புசல்லாவை, இந்நாட்டுத் தேயிலையின் தொன்மையோடு தொடர்புடையது. ஜேம்ஸ் டெயிலர் 1867இல் லூல்கந்துரையில் தேயிலையை வணிகப் பயிராகப் பயிரிடுவதற்கு முன்னரே, 1841இல் மொரிஸ் வேர்ம்ஸ் சீனத்துத் தேயிலைக் கன்றுகளைக் கொணர்ந்து இங்குள்ள றொத்சைல்ட் தோட்டத்தில் நட்டார். கோப்பி போய்த் தேயிலை வந்தது. வெள்ளைத்துரைமார் போய் அரசு வந்தது. 1992இல் முகாமைப் பொறுப்புக் கம்பனிகளின் கைக்கு மாறியது. ஆயினும் ஒன்று மாறவில்லை. உழைப்பவளின் நாளை அளக்கும் தராசு இன்றும் பிறர் கையிலேயே இருக்கின்றது.

கொழுந்து பறிக்கும் பெண்ணொருத்தியின் நாளை எண்ணிப் பார்க்கலாம். விடியுமுன் எழுந்து அடுப்பு மூட்டி, பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஆயத்தஞ் செய்து, ரொட்டியும் சம்பலும் கட்டிக்கொண்டு பிரட்டுக்களத்துக்கு அவள் விரைகின்றாள். எந்த மலையில் வேலை, எந்த நிரை தனக்கு என்பவற்றை அவள் தீர்மானிப்பதில்லை. மழை பெய்து கொழுந்து செழிப்பதும், வெயில் காய்ந்து அது வாடுவதும் அவள் வசத்தில் இல்லை. ஆயினும் குறித்த கிலோ நிறைந்தால்தான் அவளுக்கு முழுப் ‘பேர்’. குறைந்தால் அரைப் பேராகவும் போகலாம். மடுவத்தில் கூடைக்கும் ஈரத்துக்கும் கழிவு போனபின் தராசு முள் எங்கே நிற்கும் என்ற ஏக்கம் நாள்தோறும் அவள் நெஞ்சில் நிற்கின்றது. 2021இல் நாட்சம்பளம் 1000 ரூபாவாக உயர்ந்தபோது, பறிக்க வேண்டிய கொழுந்தின் அளவு பற்றிய தகராறும் தோட்டங்கள் பலவற்றில் உடன் எழுந்தமை இவ்விடத்து நினைவுகூரத்தக்கது.

இவ்வேக்கத்துக்கும் குருதிக்கும் என்ன தொடர்பு? அச்சமோ அவசரமோ நேருங்கால் அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினைச் சுரக்கின்றன. இதயம் விரைந்து துடிக்க, சிறு நாடிகள் சுருங்க, அழுத்தம் உயர்கின்றது. புலியைக் கண்டு ஓடுபவனுக்கு இது காவல். ஓடி முடித்ததும் அழுத்தம் தணிந்துவிடும். ஆனால் நாளும் புலி முன்னால் நின்றால்? சுரப்புகள் ஓய்வதில்லை, சிறுநீரகம் உப்பைத் தேக்குகின்றது, காலப்போக்கில் நாடிச் சுவர்கள் தடித்து இறுகுகின்றன. மேலளவு 140ஐயோ கீழளவு 90ஐயோ எட்டி நிலைத்துவிடின் அது நோயெனப்படும். நோவின்றி வளரும் நோயாதலின், பக்கவாதமோ மாரடைப்போ வந்து கதவைத் தட்டும்வரை பலர் அதனை அறிவதில்லை.

வேலையின் பளு மாத்திரம் மனிதனை வருத்துவதில்லை என்பதை 1979இல் றொபேட் கராசெக் என்னும் அமெரிக்க அறிஞர் எடுத்துக்காட்டினார். பளு மிகுந்தும், அவ்வேலையைத் தீர்மானிக்கும் உரிமை குறைந்தும் இருக்கும் நிலையே பெருந்தீங்கு என்பது அவர் கொள்கை. 1967இல் இங்கிலாந்தில் தொடங்கிய வைற்ஹோல் ஆய்வும் இதனோடு சேர்த்து நோக்கத்தக்கது. 17,000க்கும் மேற்பட்ட அரசாங்க ஊழியரை ஆராய்ந்தபோது, இதயநோயால் மிகுதியாக மாண்டோர் உயர் அதிகாரிகளல்லர், கடைநிலை ஊழியரே. பணியிடத்தில் இருசாராரின் அழுத்தமும் ஏறத்தாழ ஒன்றாக இருந்தபோதிலும், வீடு சென்றதும் அதிகாரிகளின் அழுத்தம் தணிந்த அளவுக்குக் கடைநிலையாரின் அழுத்தம் தணியவில்லை. வேலை முடிந்தும் வேலை அவர்களை விடவில்லை போலும்! லயத்துக் காம்பராவில் தண்ணீரும் விறகும் பிள்ளைகளும் காத்திருக்க, மாலையில் திரும்பும் பெண்ணுக்கு இம்முடிவு புதிதன்று.

நெருக்கடி பறிப்பவளோடு முடிவதுமில்லை. மேலிருந்து துரையின் அதட்டலும் கீழிருந்து தொழிலாளரின் முணுமுணுப்பும் ஒருங்கே தாக்கக் கங்காணியும் கணக்கப்பிள்ளையும் நடுவில் நசுங்குகின்றனர். நிறையைக் குறித்தெழுதும் கைக்கும் அந்நிறையைத் தீர்மானிக்கும் உரிமை கிடையாது.

தொழில் நெருக்கடி ஒன்றே காரணமெனக் கொள்வதும் பிழையாகும். பரம்பரை, முதுமை, உப்பு மிகுந்த உணவு, புகையிலை, மது ஆகியனவும் காரணங்களே. எனினும் இவற்றுட் சிலவேனும் அந்நெருக்கடியின் பிள்ளைகள் என்பதை மறத்தலாகாது. அலுத்துத் திரும்புபவன் மதுவை நாடுவதற்கும், கறிக்கு வழியற்றவள் உப்புச் சம்பலோடு ரொட்டியை உண்பதற்கும் அறிவின்மை மட்டுமே காரணமாகாது.

உப்பைக் குறை, கவலையை விடு, மாத்திரையைத் தவறவிடாதே என்பது மருத்துவர் கூற்று. அது நல்ல கூற்றே. ஆனால் கிளினிக்குக்குப் போகும் நாளில் பேர் விழாது. பேர் விழாத நாளில் அடுப்பெரிவது அரிது. மாத்திரைக்கும் நாட்சம்பளத்துக்கும் இடையில் ஒன்றைத் தெரிவு செய்யுமாறு பணிக்கப்படுபவளிடம் கவலையை விடு எனல் எவ்வாறு பொருந்தும்? கிளினிக்கு நாளுக்குச் சம்பளம், வானிலைக்கேற்ப மாறும் கிலோ அளவு, தொழிலாளரும் பார்க்கத்தக்க நேர்மையான தராசு, வேலைப் பங்கீட்டில் அவர்தம் சொல்லுக்கும் ஓரிடம் ஆகியனவும் மருந்துகளே. இவற்றை எழுதிக்கொடுக்கும் அதிகாரம் மருத்துவரிடம் இல்லை. தோட்ட நிருவாகமும் தொழிற்சங்கங்களும் அரசுமே அம்மருந்துகளை வழங்க வேண்டியவை. அதுவரை, பேராதனையில் அருந்தப்படும் ஒவ்வொரு கோப்பைத் தேநீரிலும் புசல்லாவைப் பெண்ணொருத்தியின் விரைந்த நாடித்துடிப்பும் கலந்தேயிருக்கும்.