பூட்டு நல்ல பூட்டுதான், சாவி எங்கே?

விண்டோஸுக்கு ஒரு பாஸ்வேர்ட் போட்டுவிட்டால் கணினியில் உள்ளதெல்லாம் பத்திரம் என்று பலர் நினைக்கிறார்கள். அந்தப் பாஸ்வேர்ட் வாசலில் நிற்கும் வாட்ச்மேன் மாதிரிதான். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினால் அங்கே வாட்ச்மேன் கிடையாது. மறையாக்கம் செய்யாத கோப்புகள் எல்லாம் அப்படியே திறந்துகொள்ளும்.

மறையாக்க மென்பொருள் செய்வது வேறு வேலை. கோப்பில் உள்ளதையே கலைத்துப் போட்டுவிடும். பாஸ்வேர்ட் இல்லாதவர் கண்ணுக்கு அது வெறும் குப்பை. 2004இல் வந்த ட்ரூகிரிப்ட் இந்த வகையில் பெயர் பெற்ற இலவச மென்பொருள்.

அதன் பலத்துக்குப் பிரேசிலில் நடந்த சம்பவமே சாட்சி. 2008 ஜூலையில் வங்கியாளர் டேனியல் டான்டாஸ் மீதான விசாரணையில் போலீசார் ஐந்து ஹார்ட் டிஸ்க்குகளைக் கைப்பற்றினார்கள். ட்ரூகிரிப்ட் உள்ளிட்ட மென்பொருள்களால் அவை பூட்டப்பட்டிருந்தன. பிரேசில் தடயவியல் நிபுணர்கள் ஐந்து மாதம் முயன்று தோற்றார்கள். பிறகு அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. சுமார் ஒரு வருடம் பாஸ்வேர்டை ஊகித்துப் பார்த்தது. முடியவில்லை. 2010இல் டிஸ்க்குகள் திறக்கப்படாமலேயே திரும்பின. 2011இல் அந்த விசாரணையே செல்லாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது தனிக்கதை.

இது எப்படி முடிகிறது? நீங்கள் தரும் பாஸ்வேர்ட் எங்கேயும் எழுதி வைக்கப்படுவதில்லை. மென்பொருள் அதை ஆயிரக்கணக்கான முறை கணக்குப் போட்டு ஒரு சாவி செய்கிறது. அந்தச் சாவி ஒரு சின்னப் பெட்டியைத் திறக்கும். கோப்புகளின் உண்மையான சாவி அந்தப் பெட்டிக்குள் இருக்கிறது. அத்தனை முறை கணக்குப் போடுவதால் உங்களுக்கு ஓரிரு நொடிதான் தாமதம். கோடிக்கணக்கில் ஊகித்துப் பார்க்கிறவனுக்கோ அதுவே பெரிய தலைவலி.

இனி கொஞ்சம் கணக்கு. ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் எட்டு எழுத்துப் பாஸ்வேர்ட் என்றால் சுமார் 20,882 கோடி வாய்ப்புகள். நொடிக்கு ஒரு கோடி வீதம் முயன்றால் ஆறு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அதற்குப் பதில் 7,776 சொற்கள் கொண்ட பட்டியலில் இருந்து தாயக்கட்டை உருட்டி ஐந்து சொற்களை எடுங்கள். அதே வேகத்தில் சுமார் 90 ஆயிரம் வருடம் ஆகும். சொற்களை மனம் போன போக்கில் எடுக்கக் கூடாது என்பது முக்கியம். பிறந்த தேதி, காதலி பெயர், சினிமாப் பாட்டு எல்லாம் ஊகிக்கிறவனின் பட்டியலில் முதலிலேயே இருக்கும்.

2014 மே 28 அன்று ட்ரூகிரிப்ட்டை உருவாக்கியவர்களே இனி அதைப் பயன்படுத்த வேண்டாம் என்று அறிவித்து ஒதுங்கிக்கொண்டார்கள். 2015இல் முடிந்த தணிக்கையில் சில குறைகள் தெரிந்தன. ஆனால் வேண்டுமென்றே வைத்த கள்ளச்சாவிக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. அதன் வழியில் வந்த வெராகிரிப்ட் கணக்குப் போடும் தடவைகளைப் பல மடங்கு கூட்டியது. இன்று புதிதாகத் தொடங்குபவர்கள் அதைத்தான் எடுக்க வேண்டும்.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒரு எச்சரிக்கை. எஃப்.பி.ஐ.க்கே திறக்காத பூட்டு, பாஸ்வேர்டை மறந்துவிட்டால் உங்களுக்கும் திறக்காது. மின்னஞ்சலில் இருப்பது போல "பாஸ்வேர்ட் மறந்துவிட்டதா?" என்ற பொத்தான் இங்கே இல்லை. அந்தச் சின்னப் பெட்டி கெட்டுப்போனாலும் கதை முடிந்தது. வெராகிரிப்ட்டிலேயே அதற்கு நகல் எடுக்கும் வசதி உண்டு. அதை எடுத்து வேறிடத்தில் வையுங்கள்.

ஒரு வீட்டின் கடன் கணக்கு, காப்பீட்டு விவரம், குழந்தைகளின் புகைப்படம் எல்லாம் ஒருவர் தலைக்குள் இருக்கும் ஐந்து சொற்களை நம்பி இருக்கலாம். அவருக்கு ஒன்று ஆகிவிட்டால் குடும்பம் என்ன செய்யும்? அந்தச் சொற்களைத் தாளில் எழுதி, உறையில் ஒட்டி, வீட்டுப் பத்திரத்தோடு பீரோவில் வையுங்கள். நம்பிக்கையான ஒருவரிடம் இடத்தைச் சொல்லி வையுங்கள். திருடன் தேடுவது பெரும்பாலும் லேப்டாப்பைத்தான், பழைய பத்திரக் கட்டை அல்ல.