முத்துச் சல்லடையும் மூலிகைச் சல்லடையும்

தூத்துக்குடி என்றதும் எல்லோருக்கும் ஞாபகம் வருவது உப்பு, மக்ரூன், அப்புறம் முத்து. முத்துக்குளிப்பு 1961-ஓடு நின்றுவிட்டது. அந்தக் காலத்தில் முத்துகளைத் தரம் பிரிக்க, துளையிட்ட பித்தளைச் சல்லடைகள் வைத்திருந்தார்கள். எந்தச் சல்லடையில் முத்து தங்குகிறதோ அதை வைத்து விலை பேசுவார்கள்.

இன்று அதே சலிக்கும் வேலை மூலிகைகளுக்கும் நடக்கிறது, கம்ப்யூட்டரில்!

சென்னை தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2018-ல் 'இம்பாட்' என்ற தகவல் தளத்தை வெளியிட்டார்கள். 1,742 இந்திய மூலிகைச் செடிகள், அவற்றில் உள்ள 9,596 வேதிப்பொருட்கள். பின்னர் வந்த இரண்டாம் பதிப்பில் இது 4,010 செடிகள், 17,967 வேதிப்பொருட்கள் என்று வளர்ந்தது. எல்லாவற்றையும் பிரித்தெடுத்து ஆய்வகத்தில் சோதிக்க எத்தனை வருடம், எத்தனை கோடி ஆகும்? அதனால் முதலில் சலிக்கிறார்கள்.

முதல் சல்லடை 1997-ல் வந்த லிப்பின்ஸ்கி விதி. மூலக்கூறு எடை 500-க்குள் இருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனைகளில் ஒன்று. அதற்கு மேல் போனால், விழுங்கும் மாத்திரை குடலில் இருந்து ரத்தத்துக்குப் போவது கஷ்டம். அடுத்தது 'டாக்கிங்'. நோயோடு தொடர்புள்ள புரதத்தில் ஒரு பள்ளம் இருக்கும். பூட்டுக்குள் சாவியைப் போட்டுப் பார்ப்பது போல, ஒவ்வொரு மூலக்கூறையும் அந்தப் பள்ளத்தில் திருப்பித் திருப்பி வைத்து, எது இறுக்கமாகப் பொருந்துகிறது என்று மென்பொருள் மதிப்பெண் போடும். இதற்கான 'ஆட்டோடாக் வைனா' இலவசம். கல்லூரி மாணவரின் லேப்டாப்பிலேயே ஓடும்.

இந்தச் சல்லடைகளை எவ்வளவு நம்பலாம்? தூத்துக்குடி வட்டாரத்துச் செடி ஒன்றைப் போட்டுப் பார்ப்போமா?

நித்தியகல்யாணி. சுடுகாட்டு மல்லி என்றும் சொல்வார்கள். தூத்துக்குடி, திருநெல்வேலி, ராமநாதபுரம் மாவட்டங்களின் வறண்ட நிலங்களில் பயிராகி, காய்ந்த இலை மூட்டை மூட்டையாகத் துறைமுகம் வழியே வெளிநாடு போன செடி. அதில் இருக்கும் வின்பிளாஸ்டினும் வின்கிரிஸ்டினும் புற்றுநோய் மருந்துகள். குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு வின்கிரிஸ்டின் இன்றும் முக்கியமான மருந்து.

வின்பிளாஸ்டினின் மூலக்கூறு எடை சுமார் 811. லிப்பின்ஸ்கி சல்லடையில் தேறாது! ஊசி வழியாக நேரே ரத்தத்தில் ஏற்றுகிற மருந்துக்கு அந்த விதி பொருந்தாது என்பது தெரிந்தவர்களுக்குத் தெரியும். தெரியாமல் சலித்தவர் அதைத் தூக்கி எறிந்திருப்பார்.

இன்னொரு வேடிக்கை. இந்த இலை நாட்டு வைத்தியத்தில் சர்க்கரை நோய்க்குப் பெயர் பெற்றது. கனடாவில் ராபர்ட் நோபிள், சார்லஸ் பீர் என்ற இருவரும் ஜமைக்காவில் இருந்து வந்த இலையை அதற்காகத்தான் சோதித்தார்கள். எலிகளுக்குச் சர்க்கரை குறையவில்லை. ஆனால் வெள்ளை அணுக்கள் குறைந்தன! அதைக் கவனித்ததால் 1958-ல் வின்பிளாஸ்டின் வெளியே தெரிந்தது. சர்க்கரை நோய்ப் புரதத்தை மட்டும் கொடுத்துக் கம்ப்யூட்டரைக் கேட்டிருந்தால், கேட்ட கேள்விக்கு மட்டும்தான் அது பதில் சொல்லியிருக்கும்.

வணிகக் கணக்கும் இதில் இருக்கிறது. ஒரு கிராம் வின்பிளாஸ்டினுக்குச் சுமார் 500 கிலோ காய்ந்த இலை வேண்டும். இலை மூட்டைக் கணக்கில் போகிறது, மருந்து மில்லிகிராம் கணக்கில் திரும்பி வருகிறது. நடுவில் இருக்கும் லாபம் விவசாயிக்கு இல்லை. 2022-ல் வின்பிளாஸ்டினுக்கு வேண்டிய இரண்டு மூலப்பொருட்களையும் ஈஸ்டிலேயே தயாரித்துக் காட்டிவிட்டார்கள். அது தொழிற்சாலை அளவுக்கு வளர்ந்தால் இந்த மூட்டைக்கும் மதிப்பு குறையும். அதனால் அடுத்த மூலக்கூறைக் கண்டுபிடிக்கும் வேலை இங்கேயே நடக்க வேண்டும். பட்டியல் தரமணியில் இருக்கிறது, மென்பொருள் இலவசம், செடி வாசலிலேயே பூத்திருக்கிறது.

ஒன்றே ஒன்று. கம்ப்யூட்டர் 'பொருந்துகிறது' என்று சொன்னால் அது மருந்து ஆகிவிடாது. செல், எலி, மனிதர் என்று சோதனைகள் பாக்கி இருக்கின்றன. இதைப் படித்துவிட்டு யாரும் நித்தியகல்யாணியைக் கஷாயம் வைத்துக் குடிக்க வேண்டாம், அது நச்சுள்ள செடி.

ப்ராஜெக்ட்டுக்கு டாக்கிங் செய்யும் நண்பர்களே, சல்லடையில் தங்கியதை எல்லோரும் பார்ப்பார்கள். கழித்துப் போட்ட பட்டியலையும் ஒருமுறை புரட்டிப் பாருங்கள்!