தேன் போத்தலில் ஒட்டியிருந்த ஊர்

பெத்தாவின் குசினியில் அந்தப் போத்தல் தேன் நிரம்பி நின்றது. எங்கள் கதிரவெளியில் தேன் பழைய போத்தலில்தான் வரும். சாராயப் போத்தல், சோடாப் போத்தல், கையில் அகப்பட்டது எதுவோ அது. வாயில் பொலித்தீன் துண்டை வைத்து நூலால் இறுக்கிக் கட்டியிருப்பார்கள். இது வேறு மாதிரி. தோள் சரிந்து, கரும்பச்சை நிறத்தில், தூக்கினால் கை இறங்கும் கனம். லேபிளில் பாதி எண்ணெய்ப் பிசுக்கில் ஊறிக் கிழிந்துவிட்டது. மிஞ்சியது இரண்டே வரி. மேல் வரியில் எட்னா ரொஸ்ஸோ. கீழே அதைவிடச் சின்ன எழுத்தில் சாந்தோ ஸ்பீரித்தோ.

"இது எங்கால பெத்தா?"

"உன்ட மச்சான் இத்தாலியில இருந்து கொண்டந்தது மனே. உள்ளுக்க இருந்தத மாமாமார் குடிச்சி முடிச்சிட்டானுகள். போத்தல் நல்ல பாரம். எறிய மனம் வரல்ல."

அன்றிரவே மச்சான் இருக்கும் பலர்மோவுக்குப் போன் எடுத்தேன். சாந்தோ ஸ்பீரித்தோ என்றால் பரிசுத்த ஆவி என்று அகராதி சொன்னது. கோயில் வைனோ, வைன் கொம்பனியின் பெயரோ என்று கேட்டேன். மச்சான் சற்று யோசித்தான்.

"கொம்பனியும் இல்ல, கோயிலும் இல்ல. அது அவங்கட வட்டையிட பேர்."

அந்த ஒரு சொல்தான் என்னைப் பிடித்துக்கொண்டது. மட்டக்களப்பார் அல்லாதவர்களுக்குச் சொல்ல வேண்டும்: வட்டை என்பது எங்கள் வயல்வெளிப் பகுதி. ஒவ்வொரு வட்டைக்கும் தனிப் பெயர் உண்டு. மரத்தின் பெயர், குளத்தின் பெயர், எப்போதோ செத்துப்போன, வயல் முதலாளியான ஒரு போடியாரின் பெயர். தண்ணீர் விடுவதையும் காவலையும் பார்க்க வட்டவிதானை என்று ஒருவர் இருப்பார். கொழும்பில் வாங்கும் அரிசிப் பையில் இந்தப் பெயர்கள் எதுவும் இருக்காது. எட்னா எரிமலை அடிவாரத்து வட்டை ஒன்று தன் பெயரோடு கடல் தாண்டி, வாகரைக்கு வடக்கே, வெருகல் ஆற்றுக்குக் கிட்ட இருக்கும் எங்கள் குசினித் தட்டு வரை வந்திருக்கிறது. எப்படி வந்தது என்று எனக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது.

வைனின் கதையை முதலில் நாட்டுக்குள் தேடினேன். திராட்சைக்கு எங்களிடம் யாழ்ப்பாணம்தான். சித்தங்கேணி, வயாவிளான் பக்கம் பந்தல் போட்டு வளர்க்கிறார்கள். இஸ்ரேல் புளூ என்ற கறுப்பு இனம் பேர் போனது. அங்கே கொடிக்குக் குளிர்காலம் கிடையாது. தானாக அது உறங்காது. ஆகவே விவசாயி வெட்டுகிறார். கிளையை ஒட்ட வெட்டினால்தான் புதுத் துளிர் பூவோடு வரும். ஐரோப்பாவில் பனி செய்யும் வேலையை இங்கே கத்தரிக்கோல் செய்கிறது. ஆண்டில் ஒருமுறைக்கு மேலும் காய்க்க வைக்கலாம். அவசரமாகப் பழுத்த பழம் இனிக்கும். ஆனால் நீண்ட குளிர்ந்த இரவுகளில் மெல்ல மெல்லச் சேரும் மணம் அதில் வராது.

யாழ்ப்பாணத்துக் கொழும்புத்துறை வீதியில் செபமாலைத் தாசர் மடத்தில் ரொசெட்டோ என்று ஒரு வைன் விற்பார்கள். பக்கத்திலேயே நெல்லி ரசமும் இருக்கும். ரொசெட்டோ கறுவாவும் கிராம்பும் மணக்கும், நல்ல இனிப்பு. நத்தார் நாளில் கேக்கோடு ஒரு சின்னக் கிளாஸ் குடிக்க ஏற்றது. அந்தச் சபையை அமலமரித் தியாகிகள் சபைக் குருவான தோமஸ் அடிகளார் 1928இல் தோலகட்டியில் தொடங்கினார். பேசாநோன்பும் கைவேலையும் அவர்கள் வாழ்க்கை. தோலகட்டி இருக்கும் வலிகாமம் வடக்கின் பெரும்பகுதி போரால் 1990இல் வெறுமையானது. உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போனது. சனங்கள் திரும்பிப் போக இருபது, இருபத்தைந்து வருடம் எடுத்தது. பந்தலைப் பார்க்க ஆளில்லாத திராட்சைக் கொடி அத்தனை காலம் என்ன ஆகும் என்பதை நான் யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை. எங்கள் வளவும் அப்படிக் கிடந்ததுதான்.

இன்னும் பின்னுக்குப் போனால் கதை நேரே இத்தாலியைத் தொடுகிறது. புறநானூற்றின் 56ஆம் பாடலில் நக்கீரர், யவனர் நல்ல கலத்தில் கொண்டுவந்த மணமுள்ள குளிர்ந்த தேறலைப் பாண்டியன் நன்மாறனுக்குப் பெண்கள் பொன் கிண்ணத்தில் ஊட்டுவதைப் பாடுகிறார். புதுச்சேரிக்குத் தெற்கே அரிக்கமேட்டில் 1945இல் மோர்ட்டிமர் வீலர் தோண்டியபோது இரண்டு கைப்பிடி வைத்த மத்தியதரைக் கடல் மதுச்சாடிகளின் ஓடுகள் கிடைத்தன. பிற்கால ஆய்வில் அவற்றில் சில இத்தாலியின் கம்பானியா பக்கத்து மண் என்று கண்டார்கள். கம்பானியாவிலும் எரிமலை உண்டு, வெசுவியஸ். ஆக, எரிமலைச் சாம்பலில் விளைந்த வைன் தமிழ்க் கரைக்கு வருவது மச்சானோடு தொடங்கிய காரியம் இல்லை.

அந்த வருடம் ஒக்டோபரில் நான் பலர்மோவில் இறங்கினேன். 1980களின் நடுவிலிருந்து தமிழர் வாழும் சிசிலித் தீவு நகரம். பல்லாரோ சந்தையில் கறிவேப்பிலை கிடைக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் ஆட்கள், சைவரும் கத்தோலிக்கருமாக, மொந்தே பெல்லெக்ரினோ மலையேறிப் போய் சாந்தா ரொசாலியாவைக் கும்பிடுகிறார்கள். 1624இல் கொள்ளைநோயிலிருந்து நகரைக் காத்தவள் என்று பலர்மோ நம்பும் கன்னி அவள். மச்சானும் போகிறவன். வெருகல் முருகனுக்கு நடந்த கால், இந்த மலை ஏறாதா என்றான்.

அவன் வேலை செய்த வீட்டு அம்மாதான் போத்தலைக் கொடுத்தவர். ஊருக்குப் போகிறேன் என்றதும், என் ஊரிலிருந்து உன் ஊருக்கு என்று சொல்லித் தந்தாராம். அந்த வைன் விளைந்தது அவருடைய தம்பியின் தோட்டத்தில். எட்னாவின் வடக்குச் சரிவில், பாஸ்ஸோபிஷாரோ என்ற சின்ன ஊருக்குக் கிட்ட, கடல் மட்டத்துக்கு மேல் 700 மீற்றர் அளவில். ஐந்து ஏக்கர்கூட வராது. எரிமலையைச் சுற்றி ஓடும் ஒற்றைப் பாதை ரயிலில் கடைசித் துண்டைக் கடந்தோம். யன்னலுக்கு வெளியே கறுப்புப் பாறை, மஞ்சள் புதர், மறுபடி கறுப்புப் பாறை. உச்சியிலிருந்து புகை ஒரு பக்கமாகச் சாய்ந்து போய்க்கொண்டிருந்தது.

தோட்டத்தில் நான் எதிர்பார்த்த பந்தல் இல்லை. கம்பி வரிசையும் இல்லை. ஒவ்வொரு கொடியும் தனியாக, இடுப்பளவு உயரத்தில், முறுக்கிப் பிழிந்த கிழவனின் கைபோல நின்றது. பக்கத்தில் ஒரு செஸ்ட்நட் மரக் கம்பு. அல்பெரெல்லோ என்கிறார்கள், சின்ன மரம் என்று அர்த்தம். சுற்றிலும் எரிமலைக் கல்லைச் சாந்தில்லாமல் அடுக்கிக் கட்டிய படிச் சுவர்கள். மண்ணைக் கையில் அள்ளினேன். கறுப்பு மணல். விரலிடுக்கால் ஓடியது. எங்கள் கரையிலும் வெள்ளை மணலுக்குள் இல்மனைட் கறுப்பாக வரி வரியாகக் கிடக்கும். அதை அள்ளவிட மாட்டோம் என்று ஊர்ச்சனம் தெருவில் நின்றது நினைவுக்கு வந்தது.

அந்த மணல்தான் இந்தக் கொடிகளைக் காப்பாற்றியது. 19ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் அமெரிக்காவிலிருந்து போன கொடிகளோடு பைலொக்செரா என்ற பேன் போன்ற பூச்சி ஐரோப்பாவுக்குள் நுழைந்தது. வேரில் இருந்து சாறு குடிக்கும். பிரான்சில் தொடங்கி நாடு நாடாகத் தோட்டங்கள் பட்டன. 1880இல் சிசிலியிலும் கண்டார்கள். கடைசியில் கண்ட வழி ஒன்றுதான்: அமெரிக்கக் கொடியின் வேரில் ஐரோப்பியக் கொடியை ஒட்டுவது. இன்று உலகில் குடிக்கும் வைனில் பெரும்பங்கு இரவல் வேரில் நிற்கும் கொடியிலிருந்து வருவது. பொடி மணலில் மட்டும் அந்தப் பூச்சிக்கு வழி கிடையாது. எட்னாவில் அங்கங்கே நூறு வயது தாண்டிய கொடிகள் தங்கள் சொந்த வேரிலேயே நிற்கின்றன. வீட்டு அம்மாவின் தம்பியான முதியவர் ஒன்றைத் தொட்டுக் காட்டினார். அவருடைய பாட்டனார் நட்டது.

பழத்தின் பெயர் நெரெல்லோ மஸ்காலேசே. மஸ்காலியின் சின்னக் கறுப்பு என்று சொல்லலாம். மஸ்காலி மலையின் கிழக்கே, கடல் பக்கத்து ஊர். 1928 நவம்பரில் எரிமலைக் குழம்பு அந்த ஊரை மூடிவிட்டது. பின்பு இடம் மாற்றித்தான் கட்டினார்கள். தோலகட்டியில் ஆச்சிரமம் எழுந்த அதே வருடம்தான் குழம்பு வந்தது. பெயர் கொடுத்த ஊர் போய்விட்டது, பழத்தில் பெயர் நிற்கிறது. மரபணு ஆய்வு இன்னொன்றும் சொல்கிறது. இந்தப் பழத்தின் தாய் தகப்பனில் ஒன்று மத்திய இத்தாலியில் பேர்போன சஞ்சோவேசே, மற்றது கலாப்ரியா பக்கத்து மாந்தோனிகோ. மலையோடு பிறந்தது என்று அங்குள்ளவர்கள் நினைக்கும் பழத்தின் உறவுகள் கடலுக்கு அப்பால் பெருநிலத்தில்.

எட்னா ரொஸ்ஸோ என்று லேபிளில் போட விதி உண்டு. 1968இல் எட்னாவுக்கு உற்பத்திப் பகுதி என்ற அரச அங்கீகாரம் கிடைத்தது. குறைந்தது 80 வீதம் நெரெல்லோ மஸ்காலேசே இருக்க வேண்டும், மிச்சத்துக்கு அதன் தம்பி நெரெல்லோ கப்புச்சோ. வட்டையின் பெயரை, அவர்கள் பாஷையில் கொந்த்ராதா, லேபிளில் போடும் ஒழுங்கு 2011இல் வந்தது. அப்போது எழுதிய பட்டியலில் 133 பெயர்கள். யாரோ உட்கார்ந்து ஒவ்வொரு வட்டையின் எல்லையையும் பெயரையும் கேட்டு எழுதியிருக்கிறார்கள். அதை அறிந்தபோது எனக்கு ஏற்பட்ட பொறாமையை மறைக்க விரும்பவில்லை. எங்கள் கள்ளுக்கு இப்படி ஒரு பெயர் இல்லாததன் காரணம் புரியும். பாளையில் வடியும்போதே முட்டிக்குள் புளிக்கத் தொடங்கிவிடும். சுண்ணாம்பு பூசினால் கருப்பநீர். பூசாவிட்டால் காலையில் கள், அந்தியில் கடுப்பு, மறுநாள் வினாகிரி. ஊர் எல்லை தாண்டாத பானம். குடிப்பவனுக்கு எந்தப் பனை என்றே தெரியும், லேபிள் எதற்கு? ஆனால் நெல் பயணம் போகிறது. அதன் வட்டைப் பெயர்கள் களத்திலேயே நின்றுவிடுகின்றன.

தோட்டத்து மூலையில் பல்மென்தோ என்ற பழைய கல் வீடு. மேல் தளத்தில் பழத்தைக் காலால் மிதிப்பார்கள். சாறு கல் வாய்க்காலால் கீழ்த் தொட்டிக்குத் தானே இறங்கும். ஐரோப்பிய ஒன்றியத்தின் சுகாதார விதிகள் வந்தபின் அதில் எடுத்த வைனை விற்க முடியாது. இப்போது அங்கே கூடைகள் அடுக்கியிருக்கிறார்கள்.

அதன் வாசல் கல்லில் இருந்துதான் முதியவர் பேசினார். அவர் மகள் அதை மெதுவாகத் திருப்பிச் சொல்ல, மச்சான் எனக்குத் தமிழாக்கினான். 1981 மார்ச்சில் மலையின் வடக்குப் பக்கம் வெடித்தது. குழம்பு ரன்தாட்சோ நகருக்கு ஓரமாக இறங்கி, ரயில் பாதையை அறுத்து, ஆற்றுப்பக்கம் வரை போனது. அவருடைய தாய்மாமனின் தோட்டம் அதற்குள். "சத்தம் பெரிதில்லை," என்றார். "கிளாஸ் உடைவது போல. கொடிகள் தொடுவதற்கு முன்பே பற்றிக்கொண்டன." அந்த இடத்தில் இனி மண் உண்டாக எத்தனை தலைமுறை என்று கேட்டேன். அவர் கையை விரித்தார்.

பிறகு என் ஊரைப் பற்றிக் கேட்டார். 2004 மார்கழி 26 கடல் வந்ததைச் சொன்னேன். 2006 நவம்பர் 8, பாடசாலையில் தஞ்சம் புகுந்திருந்த சனங்கள் மேல் ஷெல் விழுந்ததைச் சொன்னேன். ஊரே எழும்பிப் போனதையும், அடுத்த வருடம் திரும்பி வந்தபோது வளவின் எல்லை தெரியாமல் பெத்தா தன் கிணற்றை வைத்து வீட்டைக் கண்டுபிடித்ததையும் சொன்னேன். மச்சான் இந்தக் கடைசி வசனத்தை மொழிபெயர்க்க நேரம் எடுத்தான். முதியவர் எழுந்து உள்ளே போய்ப் போத்தலோடு வந்தார்.

கிளாஸில் அது கறுப்பாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை. மாதுளைச் சாற்றைவிட வெளிர் நிறம், கிளாஸுக்குப் பின்னால் என் விரல்கள் தெரிந்தன. மணம் முதலில் வரவில்லை. சற்று நேரம் கழித்து, புளிப்புச் செர்ரி, காய்ந்த மூலிகை, நெருப்பு அணைந்த அடுப்பு. வாயில் நாவல்பழத் தோலின் துவர்ப்பு, ஆனால் நாக்கை ஒட்டாமல் விலகியது. எலெகான்தே என்றார் மகள். நளினம் என்று மச்சான் சொன்னான். எனக்குத் தோன்றியது எங்கள் கூத்தின் இரண்டு மோடிகள். வடமோடியில் களரி அதிரும். தென்மோடியில் கதையை இழுத்துப் பாடி, அடியை அளந்து வைத்து ஆடுவார்கள். சின்ன வயதில் எனக்கு அது விளங்கவில்லை. அந்த மலைச் சரிவில், பனி இறங்கும் ஒக்டோபர் வரை பழம் கொடியிலேயே காத்திருக்கும் தோட்டத்தில் இருந்து குடித்தபோது, கூத்துப் பழக்கும் தென்மோடி அண்ணாவிமார் எதைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்கள் என்று கொஞ்சம் விளங்கியது.

ஊருக்குத் திரும்பிய கிழமையே தேன் கொண்டுவருபவரைத் தேடிப் போனேன். வாகரைப் பக்கத்தில் தமிழ் பேசும் வேடர் பரம்பரைக் குடும்பங்கள் உண்டு. அவரும் அதில் ஒருவர். முற்றத்தில் வலை பொத்திக்கொண்டிருந்தார். வெறும் போத்தலைக் கொடுத்து, போன முறை கொண்டுவந்த தேன் எந்தக் காட்டில் எடுத்தது என்று கேட்டேன். லேபிள் ஒன்று எழுதி ஒட்ட ஆசை என்றும் சொன்னேன்.

"பாலப்பூத் தேன் தம்பி. அவ்வளவுதான் சொல்லலாம். இடம் சொல்லேலாது."

போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இதில் என்ன எழுதியிருக்கு என்று கேட்டார். அவர்கள் தோட்டம் இருக்கும் வட்டையின் பெயர் என்றேன்.

"இடத்தைச் சொல்லிப்போட்டாங்களே. ஆரும் போய் எடுத்துப்போட மாட்டாங்களா?"

"அது அவங்கட காணி அண்ணன். உறுதி இருக்கு. சுத்திவரக் கல் மதில்."

"ஓ, உறுதி இருக்கா," என்றார். போத்தலின் அடிக் குழிவுக்குள் கட்டை விரலை விட்டுப் பார்த்துவிட்டு, கழுவ வைத்திருந்த மற்றப் போத்தல்களோடு அதையும் கிணற்றடியில் வைத்தார்.