ராமைத் தின்ற ஸ்கிரிப்ட்

அகராதிப் பணிக்காகத் தமிழ்ச் சொற்களை எண்ணும் சிறிய அலுவலகம் அது. பழைய லினக்ஸ் கணினி, 4 ஜிபி ராம். 1 ஜிபி உரைக் கோப்பைப் படித்து, எந்தச் சொல் எத்தனை முறை வருகிறது என்று ஒரு பைத்தான் ஸ்கிரிப்ட் எண்ண வேண்டும்.

"பாதியிலயே மெஷின் அப்படியே நின்னுடுது சார். கொஞ்ச நேரத்துல 'கில்டு'ன்னு வந்துடும். பிராசஸர் பழசு, மாத்திடலாம்னு இருக்கோம்," என்றார் அதை எழுதிய இளைஞர்.

காசைச் செலவழிக்கும் முன் அளந்துவிடலாம் என்றேன். அவர் 'டாப்' திரையைத் திறந்தார். அது அந்தந்த நொடியின் நிலையைத்தான் காட்டும். எனக்கு வேண்டியது உச்சம். பாஷ் ஷெல்லுக்குள் இருக்கும் 'டைம்' கட்டளையோ நேரத்தோடு நின்றுவிடும். அதனால் யூஎஸ்ஆர் பின் கோப்புறையில் தனியாக இருக்கும் 'டைம்' நிரலை முழுப் பாதையோடு அழைத்து, மைனஸ் வி சேர்த்து ஓட்டினோம். ஸ்கிரிப்டில் ஒரு வரியைக்கூடத் தொடத் தேவையில்லை. கெர்னல் வைத்திருக்கும் கணக்கையே அது வாங்கித் தருகிறது.

வழக்கம்போல் பாதியில் கொல்லப்பட்டது. ஆனாலும் அறிக்கை வந்தது. பிராசஸர் பயன்பாடு பாதிக்கும் கீழே. இடைவிடாமல் எண்ணிக்கொண்டிருக்கும் ஸ்கிரிப்டுக்கு அது நூறு சதவீதத்தை ஒட்டி இருக்க வேண்டும். ஆக, பிராசஸர் திணறவில்லை, காத்துக் கிடந்திருக்கிறது. எதற்காக? உச்ச நினைவகம் ஏறக்குறைய ராம் முழுவதும். மேஜர் பேஜ் ஃபால்ட் எண்ணிக்கை எக்கச்சக்கம்: ராமில் இடமில்லாமல் ஸ்வாப்புக்குத் தள்ளிய பக்கங்களை வட்டிலிருந்து மீண்டும் மீண்டும் எடுத்திருக்கிறது. வேலை மெதுவானதும் பிராசஸரைக் குறை சொல்வது நம் எல்லோருக்கும் பழக்கம். இந்த மூன்று வரிகளையும் சேர்த்துப் படிக்காமல் யாரும் அந்தத் தீர்ப்பைச் சொல்லக் கூடாது.

ஸ்கிரிப்டைத் திறந்தோம். கோப்பு முழுவதையும் ஒரே சரமாகப் படித்து, சொற்களாகப் பிரித்துப் பட்டியலில் வைத்திருந்தார். 'தமிழ்' என்ற சொல் யூடிஎஃப்-8 கோப்பில் 15 பைட். பைத்தானில் அதையே தனிச் சரமாக வைத்து அளந்தோம். 60 பைட்டைத் தாண்டியது. ஒவ்வொரு யூனிகோடு குறிக்கும் 2 பைட்தான், மீதி ஒவ்வொரு சரமும் சுமக்கும் தலைப்புத் தகவல். கோடிக்கணக்கான சிறு சொற்களுக்கு அந்தச் சுமை கோப்பின் அளவைப் பல மடங்கு மிஞ்சிவிடும்.

"வரி வரியா படிச்சு, அப்பப்போ எண்ணிட்டு விட்டுடலாமே?" அவரே கேட்டார், அவரே மாற்றினார். இம்முறை கடைசி வரை ஓடியது. பிராசஸர் நூறுக்கு அருகே, உச்ச நினைவகம் பல மடங்கு கீழே.

ஆனாலும் நான் நினைத்த அளவுக்கு இறங்கவில்லை. கோப்பின் ஒரு சிறு துண்டை மட்டும் கொடுத்து, எந்த வரி எவ்வளவு நினைவகம் பிடிக்கிறது என்று காட்டும் பைத்தானின் டிரேஸ்மாலாக்கில் பார்த்தோம். அது ஓட்டத்தை மந்தமாக்கும், தானும் நினைவகம் பிடிக்கும், முழுக் கோப்புக்கு ஆகாது. எண்ணும் டிக்‌ஷனரி இருந்த வரியை அது காட்டியது. வீட்டில், வீட்டுக்கு, வீட்டிலிருந்து என ஒவ்வொரு வேற்றுமை வடிவமும் அதற்குத் தனிச் சொல். கோப்பு இன்னும் பெரிதானால் துண்டு துண்டாக எண்ணி, வட்டில் எழுதிச் சேர்க்க வேண்டியிருக்கும். இப்போதைக்கு 4 ஜிபி தாராளம்.