எனக்கு வலிக்கிறது

பக்கத்து வீட்டுப் பெண் ஸ்பானிஷ் கற்றுக்கொள்கிறாள். சென்ற வாரம் பாடப் புத்தகமும் கையுமாகத் திண்ணைக்கு வந்து, "தலை வலிக்கிறது என்பதைக்கூடத் தலைகீழாகச் சொல்கிறார்கள், மாமா" என்று சலித்துக்கொண்டாள். வாசிக்கச் சொன்னேன். "மே துவேலே லா கபேசா." ஒவ்வொரு சொல்லாகப் பொருள் கேட்டேன். மே என்றால் எனக்கு, துவேலே, வலிக்கிறது, கபேசா, தலை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அடி அசடே, இது தமிழ்தானே! இங்கிலீஷ் வழியாக ஏன் சுற்றிப் போகிறாய்?" என்றேன்.

இங்கிலீஷ்காரன் தலைவலியை 'வைத்திருக்கிறான்'. பிரெஞ்சுக்காரனும் அப்படித்தான், குடையையோ கைத்தடியையோ வைத்திருப்பதுபோல. நாமும் ஸ்பானியர்களும் அவ்வளவு சொந்தம் கொண்டாடுவதில்லை. வலிப்பது தலை, நான் அது வந்து சேருகிற இடம், அவ்வளவே.

அந்த 'துவேலே'யை அவர்கள் மனசுக்கும் சொல்கிறார்கள். சொல்லவே வேதனையாக இருக்கிறது என்றாலும் அதே வினைதான். ஆனால் இந்தச் சொற்களை நம்பி ஊர் விட்டு ஊர் போக முடியாது. 'பேனா' (எழுதுகிற பேனா அல்ல) ஸ்பெயினில் துயரம். மெக்ஸிகோவிலும் கொலம்பியாவிலும் ஒருத்தி அதே சொல்லைச் சொன்னால் பெரும்பாலும் வெட்கப்படுகிறாள் என்று பொருள். நம்மிடம் மட்டும் என்ன வாழ்ந்தது? குறளில் 'வலியறிதல்' என்று ஓர் அதிகாரம் இருக்கிறது. அங்கே வலி என்றால் பலம்!

பாகூரில் என் அத்தை புருஷர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷனோடு திரும்பியவர். ஊரார் வாயில் 'சொல்தா'. முதன்முதலாகக் கப்பல் ஏறியபோது கூட இருந்த வெள்ளைக்காரச் சிப்பாய் 'மால் ஓ கேர்' என்று முனகினானாம். நெஞ்சு நோவு என்கிறானே, காதலியை நினைத்து உருகுகிறான் போலிருக்கிறது என்று இவர் அவன் முதுகைத் தடவிக் கொடுக்க, அவன் இவர் சட்டைமேலேயே வாந்தி எடுத்துவிட்டான். பிரெஞ்சில் அதற்குக் குமட்டல் என்று அர்த்தம். இந்தக் கதையை மாமா நூறு தடவை சொல்லியிருப்பார். நூறு தடவையும் நான் சிரித்திருக்கிறேன்.

மாமா காலமான பிறகு அத்தை ஏரிக்கரைப் பக்கத்து வீட்டில் தனியாக இருந்தாள். மகன் பிரான்ஸிலேயே குடியேறிவிட்டான். ஒரு பொங்கலுக்கு வருவதாகச் சொல்லியிருந்தவன், வர முடியாது என்று போன் செய்தான். மறுநாள் நான் போயிருந்தேன்.

"நெஞ்சுலே கல்லை வச்ச மாதிரி கனக்குதுடா, தம்பி" என்றாள் அத்தை.

எனக்குத் தெரியாதா? இந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு நான் எத்தனை கதை எழுதியிருக்கிறேன்! அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "அவனுக்கு என்ன அவசர வேலையோ, அடுத்த வருஷம் வருவான் அத்தே" என்று தேற்றினேன். தாடை இழுக்கிறது என்றாள். வெற்றிலைப் பழக்கம், பல்லாக இருக்கும் என்றேன். வில்லியனூர் மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றுவதாக நேர்ந்துகொண்டாள். நானும், நல்லது, மனசு லேசாகும் என்றேன்.

இரண்டாம் நாள் காலையில் அவளுக்கு உடம்பெல்லாம் வியர்த்து ஊற்றியபோதுதான் டாக்ஸி பிடித்தேன். பெரிய ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர் வடக்கத்திப் பையன். தமிழில் பத்துப் பதினைந்து சொல் தெரிந்திருந்தால் அதிகம். புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள் 1823-ல் மருத்துவப் பள்ளி வைத்த நாளிலிருந்து இது நடப்பதுதானே: நோயாளி ஒரு பாஷை, வைத்தியர் ஒரு பாஷை. மான்ட்ரியாலில் மெல்சாக் என்ற பேராசிரியர் 1975-ல் வலிக்கென்றே 78 சொற்களை அடுக்கி ஒரு கேள்விப் பட்டியல் தயாரித்தார். குத்தல், குடைச்சல், கடுப்பு, எரிச்சல், உளைச்சல், விண்விண் என்று பாகூரில் நாற்று நடுகிற பெண்களைக் கேட்டிருந்தால் அவர் பட்டியல் இன்னும் நீண்டிருக்கும். இந்தப் பையனிடம் அப்படி எந்தப் பட்டியலும் இல்லை. நர்ஸ் அத்தையின் பேச்சை மொழிபெயர்த்தாள்: நெஞ்சில் கல். அவ்வளவுதான். அவன் தன் தோளைத் தொட்டு "வலி?" என்றான். தாடையைத் தொட்டு "வலி?" என்றான். அத்தை தலையை ஆட்டினாள். உடனே ஈ.ஸி.ஜி. எடுத்தார்கள்.

ரத்தக் குழாயில் அடைப்பு. இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் என்று ஆரம்பித்தவன், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். அவனுக்குக் கல் என்றால் கல்; கனமான பொருள். எனக்குத் தமிழ் தெரிந்ததுதான் வினையாகப் போயிற்று. மாமா இருந்திருந்தால் கப்பல் கதையை நூற்றோராவது தடவை சொல்லியிருப்பார்.

அத்தை பிழைத்து வீடு திரும்பினாள். மகன் போன் செய்தான். "எனக்கென்னடா, நல்லாத்தான் இருக்கேன்" என்றாள் அவனிடம். போனை வைத்துவிட்டு, "வயிறு எரியுதுடா, தம்பி" என்றாள்.

நான் பதறிப்போய், "எங்கே எரியுது? மேலேயா கீழேயா? சாப்பிட்டதும் எரியுதா?" என்று அடுக்கினேன்.

அத்தை என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். "போடா, நீயும் உன் படிப்பும்! அந்த எரிச்சல் இல்லேடா" என்றாள்.